பழைய காரின் வெப்பக் குழல்



மோட்டார் வண்டியின் உறுப்புகளில் எஞ்சினுக்குப் புகழ் உண்டு. விளக்குகளுக்கும் சக்கரங்களுக்கும் அழகு உண்டு. புகழும் அழகும் இன்றி, இருக்கைக்கு அடியிலும் முன்பலகைக்குப் பின்னாலும் மறைந்து கிடந்து தொண்டு செய்யும் ஓர் உறுப்பைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். எஞ்சினின் சூட்டை வண்டிக்குள் கொண்டுவந்து சேர்க்கும் வெப்பக் காற்றுக் குழலே அது. காகிதத்தாலும் துணியாலும் மெல்லிய தகட்டாலும் ஆன அந்தக் குழல், ஐம்பது அறுபது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளில், தொட்ட மாத்திரத்தில் உதிரும் நிலையில் இருப்பதைக் காணலாம். அதைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, அகற்றிவிட்டுப் புதியது பொருத்துவதா என்னும் கேள்வி, பழைய கார் வைத்திருப்போர் ஒவ்வொருவருக்கும் ஒருநாள் எழுந்தே தீரும்.

சென்னையிலும் மதுரையிலும் இருப்போர், "காருக்குள் சூடு வேறு வேண்டுமா?" என்று நகைக்கக்கூடும். தில்லியில் மார்கழியும் தையும் கழித்தவர்கள் நகைக்கமாட்டார்கள். உதகையிலும் கொடைக்கானலிலும் வாழ்வோரும் நகைக்கமாட்டார்கள். விடியற்காலையில் மூடுபனி சாலையை விழுங்கி நிற்கும். வண்டிக்குள் நால்வர் அமர்ந்து மூச்சுவிட்டால் முன் கண்ணாடி ஒரு நொடியில் மங்கிப்போகும். அந்த மங்கலைத் துடைத்துப் பாதையைக் காட்டுவது வெப்பக் காற்றே. ஆகவே இது சொகுசுக்காக மட்டும் அமைந்த சாதனம் அன்று; உயிர்க் காப்புக்கும் உரியது. ஆனால் நிலைமை கெட்டால் இதே சாதனம் உயிருக்கு உலை வைக்கவும் கூடும். அது எவ்வாறு என்பதைச் சற்றுப் பின்னர் விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியைக் கொள்வோம். ஜெர்மனியில் பிறந்து உலகெங்கும் உருண்ட வோல்க்ஸ்வாகன் பீட்டில் என்னும் வண்டுக் காரை அறியாதவர் குறைவு. ஃபெர்டினாண்ட் போர்ஷே என்னும் பொறியியல் அறிஞர் 1930-களில் வகுத்த வண்டி அது. போர் முடிந்தபின், 1945-ஆம் ஆண்டின் இறுதியில் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் அதன் தொடர் உற்பத்தி தொடங்கிற்று. 2003-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மெக்சிகோ நாட்டின் புவெப்லா நகரில் கடைசி வண்டி வெளிவரும் வரையில் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. நம் நாட்டிலும் பழைய வண்டுகள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவ்வண்டியின் எஞ்சின் பின்புறத்தில் இருக்கிறது. அதைக் குளிர்விப்பது நீர் அன்று, காற்று. ஆதலின் மற்ற வண்டிகளைப்போல வெந்நீரைக் கொண்டு உள்ளே சூடேற்றும் வழி இதில் இல்லை. டைனமோவின் அச்சில் ஒரு விசிறி சுழல்கிறது. அது தகட்டு உறை ஒன்றினுள் காற்றை இழுத்துச் சிலிண்டர்களின்மீது வீசுகிறது. அந்தக் காற்றில் ஒரு பகுதி, உறையின் இரு புறமும் உள்ள வாய்கள் வழியே குழல்களில் இறங்கி, எஞ்சினின் இரு மருங்கிலும் உள்ள வெப்பமாற்றிகளை அடைகிறது. ஹீட்டர் பாக்ஸ் என்று பட்டறைகளில் வழங்கும் அவ்வெப்பமாற்றி, புகைபோக்கும் குழாயைச் சூழ்ந்து அமைந்த ஒரு கூடு. உள்ளே குழாயில் எரிந்த புகை ஓடும். வெளியே கூட்டில் தூய காற்று ஓடும். புகையின் சூட்டைக் காற்று வாங்கிக்கொள்ளும், புகையை வாங்கிக்கொள்ளலாகாது. இந்த ஒரு நியதியின்மீதே முழு அமைப்பும் நிற்கிறது.

சூடேறிய காற்று முன்னோக்கிச் செல்கிறது. நெகிழும் குழல் ஒன்றின் வழியாக வண்டியின் உடலுக்குள் நுழைகிறது. கதவுகளின் கீழே, ரன்னிங் போர்டை ஒட்டி, இரு பக்கமும் நீண்டு கிடக்கும் எஃகுப் பெட்டிக் கால்வாய்களில் ஓடுகிறது. அங்கிருந்து கால்மாட்டில் ஒரு பங்கு வெளிவர, மறு பங்கு முன்பலகைக்குப் பின்னுள்ள சிறு குழல்களில் ஏறிக் கண்ணாடியில் படுகிறது. பின்புறம் புறப்பட்ட காற்று முன் கண்ணாடிக்கு வந்து சேர்வதற்குள் வண்டியின் முழு நீளத்தையும் கடந்துவிடுகிறது. இவ்வளவு நீண்ட பாதையில் எங்கேனும் ஓரிடத்தில் ஓட்டை விழுந்தாலும் கண்ணாடிக்குச் சூடு எட்டாது.

இன்னொரு வேறுபாட்டையும் நினைவில் கொள்ளவேண்டும். 1963-ஆம் ஆண்டு மாதிரிக்கு முற்பட்ட வண்டுகளில், சிலிண்டர்களைத் தழுவிச் சூடேறிய காற்றே வண்டிக்குள் வந்தது. எஞ்சினில் எண்ணெய் கசிந்தால் அதன் நாற்றமும் உடன் வந்தது. 1963 மாதிரியிலிருந்து, சிலிண்டர்களைத் தொடாத புதுக் காற்றை நேரே வெப்பமாற்றிக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. உங்கள் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்ட பின்னரே கருவிகளைக் கையில் எடுக்கவேண்டும்.

இனி, நான் முன்னர் குறிப்பிட்ட அபாயத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் தம் தந்தையார் விட்டுச்சென்ற வண்டுக் காரைப் பேணி வருகிறார். குளிர்காலப் பயணங்களில் பின்னிருக்கையில் அமரும் பிள்ளைகளுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தன. பனியின் கோளாறு என்று வீட்டார் எண்ணினர். இதற்கிடையில் முன் கண்ணாடிக்குச் சூடு வரவில்லை என்பதற்காக, முன்பலகைக்குப் பின்னால் கிழிந்திருந்த காகிதக் குழலைச் செப்பனிட அவர் வண்டியைப் பட்டறையில் விட்டார். அங்கிருந்த முதிய மெக்கானிக் குழலைத் தொடவில்லை. முதலில் வண்டியின் அடியில் படுத்து வெப்பமாற்றிகளைத் தட்டிப் பார்த்தார். வலப்புறத்து வெப்பமாற்றியின் உள்ளே, புகை செல்லும் குழாய் துருவேறித் துளைபட்டிருந்தது. வண்டிக்குள் வந்தது வெறும் சூடு அன்று. அதனோடு எஞ்சினின் நச்சுப் புகையும் வந்துகொண்டிருந்தது.

அந்த மெக்கானிக் செய்தது எவ்வளவு அறிவுடைய செயல் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். கிழிந்த குழலை மட்டும் அடைத்திருந்தால், அதுவரை வழியில் சிதறிக்கொண்டிருந்த நச்சும் ஒரு சொட்டுக் குறையாமல் ஓட்டுபவரின் முகத்துக்கே வந்து சேர்ந்திருக்கும். குழலை நன்றாகச் செப்பனிடும் அளவுக்கு ஆபத்தும் மிகுந்திருக்கும்!

எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. நம் குருதியில் உள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட பற்றுடன் இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. பிடித்துக்கொண்டபின் பிராணவாயுவுக்கு இடம் இராது. தலைவலி, மயக்கம், குமட்டல், உறக்கம் என்று படிப்படியாக வந்து, இறுதியில் உறக்கமே மரணமாகிவிடும். கண்ணாடிகளை இறுக மூடிக்கொண்டு செல்லும் குளிர்காலத்தில்தான் வெப்பக் காற்றும் வேண்டப்படுகிறது என்பதை மறக்கலாகாது.

ஆகவே முதல் வேலை சோதனை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கவேண்டும். வெப்பமாற்றியின் முன்வாயிலிருந்து நெகிழ்குழலைக் கழற்றிவிட்டு, வெப்பக் காற்றுக்கான அடைப்பிதழைத் திறந்து வையுங்கள். பட்டறையில் உள்ள காற்றூதியால் சைலென்சரின் வால்குழாய் வழியே மெதுவாகக் காற்றைச் செலுத்துங்கள். வெப்பமாற்றியின் வாயருகே எரியும் ஊதுபத்தி ஒன்றைப் பிடியுங்கள். பத்தியின் புகை அசையாமல் எழுந்தால் நலம். வாயிலிருந்து காற்று வந்து அதைத் தள்ளினால், உள்ளே துளை உண்டு என்று பொருள். மூட்டுகளில் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் நுரைக் குமிழி எழும். துளைபட்ட வெப்பமாற்றிக்கு ஒட்டுப் போடலாகாது. புதியதைப் பொருத்துவதே முறை. அதுவரை வெப்பக் காற்றைப் பயன்படுத்தாதிருப்பது கடமை. இத்துடன், மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வண்டிக்குள் வைத்துக்கொள்வது சிறு செலவில் பெரிய காவல்.

எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டையையும் தகடுகளையும் பார்க்கவேண்டும். கீழே இருக்கும் சூடும் புகையும் மேலே விசிறி இருக்கும் அறைக்குள் ஏறிவிடாமல் தடுப்பவை அவை. அவை கெட்டிருந்தால், விசிறியே புகையை இழுத்து வண்டிக்குள் அனுப்பிவிடும்.

ஊற்று தூயது என்று உறுதி செய்துகொண்ட பின்னர் குழலுக்கு வருவோம். செப்பனிடுவதா, மாற்றுவதா என்பதற்கு எல்லாக் குழல்களுக்கும் பொதுவான ஒரே விடை இல்லை. குழல் இருக்கும் இடத்தைப் பொறுத்து விடை மாறும்.

முதலாவது, எஞ்சின் அறையில், விசிறி உறைக்கும் வெப்பமாற்றிக்கும் இடையே உள்ள குழல். இது சூட்டுக்கும் அதிர்வுக்கும் எண்ணெய்க்கும் நடுவே வாழ்வது. எண்ணெயில் ஊறிய காகிதம் புகைக்குழாய்க்கு அருகே இருப்பது தீயை அழைப்பது போலாகும். ஆகவே இங்கே ஒட்டு வேலை ஆகாது. அதே உள்விட்டமுள்ள புதிய குழலைப் பொருத்துங்கள். புதியது கிடைக்கும் வரையில் குழலின்றி ஓட்டலாம் என்று சிலர் கருதுகின்றனர். அது தவறு. உறையின் வாய் திறந்து கிடந்தால், சிலிண்டர்களைக் குளிர்விக்கவேண்டிய காற்று அவ்வழியே வீணாகி, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். ஓட்டியே ஆகவேண்டுமானால் அந்த வாய்களைத் தகட்டால் அடைத்துவிடவேண்டும்.

இரண்டாவது, முன்பலகைக்குப் பின்னால் கண்ணாடிக்கு ஏறும் குழல். இங்கே சூடு மிதமானது. செப்பனிடும் கலைக்கு இடம் இருப்பது இங்கேதான். வண்டின் முன்புறத்தில் உள்ள சாமான் அறையின் அட்டைத் திரையை அகற்றினால் இக்குழல்கள் கண்ணில் படும். மின்கம்பிகளும் அங்கேயே செறிந்திருப்பதால், முதலில் பின்னிருக்கைக்கு அடியில் உள்ள பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். குழலைப் பற்றி இழுக்காதீர்கள். முதலில் நிழற்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்தையும் இரு முனைகளின் உள்விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் இரு முனைகளையும் விரலால் மெல்லத் தளர்த்தி எடுங்கள்.

எடுத்த குழலை மென்மையான தூரிகையால் துடைத்து, அதன் உட்புறத்துக்குப் பொருந்தும் உருளை ஒன்றைச் செருகுங்கள். சுருட்டிய அட்டையே போதும். அதன்மேல் மெழுகுத்தாள் சுற்றியிருந்தால் பசை ஒட்டாது. இரண்டு விரல் அகலமுள்ள மெல்லிய பருத்தித் துணிப் பட்டைகளை, தச்சர்கள் கையாளும் வெள்ளைப் பசையைச் சிறிது நீர் விட்டுக் கரைத்து அதில் தோய்த்து, ஒன்றின்மேல் ஒன்று பாதி படியுமாறு சுற்றுங்கள். நிழலில் ஒருநாள் உலர்ந்தபின் உருளையை உருவிவிடலாம். மாவுப் பசை வேண்டாம். ஈரத்தில் இளகும், பூச்சிகளுக்கும் விருந்தாகும். துணி சுற்றிய இடம் முன்போல் வளையாது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். நேராகச் செல்லும் பகுதிக்கே இம்முறை ஏற்றது. வளைவில் கிழிந்திருந்தால் புதிய குழலே சிறந்தது.

புதிய குழல் வாங்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். பளபளக்கும் அலுமினியக் குழல் கவர்ச்சியாக இருக்கும். எஞ்சின் பக்கத்துக்கு அது நல்லதே. ஆனால் முன்பலகைக்குப் பின்னால் ஃப்யூஸ் பெட்டியும் கம்பி முனைகளும் இருக்கின்றன. உலோகக் குழல் அவற்றின்மேல் சாய்ந்தால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து தீப்பற்ற வழி உண்டு. அங்கே காகிதம் அல்லது துணி வகைக் குழலே பொருந்தும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். கடைகளில் டக்ட் டேப் என்று சாம்பல் நிறத் துணி நாடா ஒன்று விற்கிறது. டக்ட் என்றால் காற்றுக்குழல். டேப் என்றால் நாடா. பெயரை அப்படியே நம்பினால், குழலை ஒட்டுவதற்கென்றே பிறந்த நாடா என்று தோன்றும். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தார் 1998-ஆம் ஆண்டில் பலவகை அடைப்புப் பொருள்களை வெப்பக் காற்றுக் குழல்களில் ஒட்டிச் சோதித்தபோது, பெயரளவில் இதற்கென்றே உரிய இந்தத் துணி நாடாதான் தவறாமல் தோற்றது. சூட்டில் அதன் ரப்பர்ப் பசை உலர்ந்து பிடிவிட்டுப்போகிறது. நாடா தேவையானால், அலுமினியத் தகட்டு நாடாவை வாங்குங்கள். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தூரத்தை அகராதி மட்டுமா காட்டுகிறது!

மூன்றாவது, கதவுக்குக் கீழே உள்ள எஃகுக் கால்வாய். இது குழல் மட்டுமன்று, வண்டியின் எலும்பும் ஆகும். உடலின் வலுவில் பெரும் பங்கு இதையே சார்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் பனி உருகச் சாலைகளில் தூவும் உப்பு இதை அரிக்கிறது. நம் கடற்கரை நகரங்களில் உப்புக் காற்றும் மழைநீரும் அவ்வேலையைச் செய்கின்றன. வெளியே வண்ணம் மின்னும். உள்ளே சல்லடையாக இருக்கும். திருப்புளியின் முனையால் அடிப்புறத்தை அழுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தகடு உள்வாங்கினால், மேலே தகடு ஒட்டி மறைப்பது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். அழுகியதை வெட்டி எடுத்துப் புதியதை வெல்டிங் செய்யவேண்டும். வெட்டுவதற்குமுன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டம் கட்டி நிறுத்தவேண்டும். இல்லையேல் உடல் தொய்ந்து, பின்னர் கதவு மூடாது. பெட்ரோல் தொட்டியையும் பாட்டரியையும் முன்னதாகவே அகற்றிவிடவேண்டும். இது தேர்ந்த கைகளுக்கு உரிய வேலை.

இன்னும் ஒரு முன்னெச்சரிக்கை. பழைய வண்டிகளில் சூடு தாங்கும் பொருளாக ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் பலவிடங்களில் பயன்பட்டது. வெளிறிய நார் போன்ற உறை எதையேனும் கண்டால் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை விளைவிக்க வல்லது.

இவ்வளவு தொல்லைக்குப் பதில், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதியன போட்டால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் தொன்மையின் மதிப்பு குறுக்கிடுகிறது. நம் மத்திய அரசு 2021-ஆம் ஆண்டில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டதும், மூல வடிவிலேயே பேணப்பட்டதுமான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையை ஏற்படுத்தியது. அவற்றின் பதிவு எண்ணில் வி.ஏ. என்னும் எழுத்துகள் இடம்பெறும். மூல வடிவம் என்னும் அவ்விரு சொற்களுக்குப் பின்னால் எத்தனையோ சிறு உறுப்புகளின் வரலாறு அடங்கியிருக்கிறது. உலகப் பழைய வண்டிக் கழகங்களின் கூட்டமைப்பு 2012-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் இதே நோக்குடையது. இயன்றவரை குறைவாகவே தொடவேண்டும், செய்த மாற்றம் பின்வருவோருக்குத் தெரியவேண்டும் என்பது அதன் சாரம். தில்லியில் 1964 முதல் நடந்துவரும் ஸ்டேட்ஸ்மன் பழங்கார் அணிவகுப்பில் வண்டிகளைச் சுற்றி நின்று பார்ப்போர் முகத்தில் தோன்றும் வியப்பு, அவை பழையனவாகவே இருப்பதனால்தான் எழுகிறது.

பழமையைப் பேணுதல் என்பது பழைய ஆபத்தையும் சேர்த்துப் பேணுவதன்று. காற்றும் புகையும் தீயும் தொடர்புற்ற இடத்தில் உயிருக்கே முதலிடம். அங்கே தயங்காமல் மாற்றுங்கள். சூடு மிதமாகவும் ஆபத்து குறைவாகவும் உள்ள இடத்தில் மூலப் பொருளுக்கு மதிப்புக் கொடுங்கள்; அங்கே பொறுமையாகச் செப்பனிடுங்கள். மாற்றிய பழைய குழலை எறிந்துவிடாமல், எந்த வண்டியின் எந்த இடம், எந்த ஆண்டில் கழற்றியது என்று எழுதிக் கட்டி ஒரு பெட்டியில் வையுங்கள். புதிய குழலிலும் பொருத்திய ஆண்டை ஓர் ஓரத்தில் குறித்துவிடுங்கள். உங்களுக்குப்பின் அவ்வண்டியைத் திறப்பவர் எது மூலம், எது வழிநூல் என்று குழம்பமாட்டார்.

நான் சொன்ன அன்பர் இரு வெப்பமாற்றிகளையும் மாற்றினார். எஞ்சின் அறைக் குழல்களையும் மாற்றினார். கண்ணாடிக்கு ஏறும் காகிதக் குழல்களில் ஒன்றைத் துணி சுற்றிச் செப்பனிட்டார். வளைவில் கிழிந்த மற்றொன்றை மாற்றினார். அதன்பின் பிள்ளைகளுக்குத் தலைவலி வரவில்லை.

குளிர்காலம் வருமுன், நேயர்களில் பழைய வண்டி உடையோர், ஓர் ஊதுபத்தியை ஏற்றிக்கொண்டு ஒருமுறை வண்டியின் அடியில் குனிந்து பார்ப்பார்களாக.